காத்துதானே சார்

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் வலது கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். குட்டை விரல்கள், அகன்ற உள்ளங்கை, சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிந்த நகக்கண்கள். எங்கள் கம்பெனியில் அந்தக் கை படாத கன்னம் குறைவு. "அடிப்பேன்" என்று அவர் யாரையும் மிரட்டியதில்லை. மிரட்டுகிற ஆளிடம் சுதாரித்துக்கொள்ளவாவது நேரம் கிடைக்கும். இவரிடம் அடி விழுந்த பிறகுதான் நாம் என்ன தப்புச் செய்தோம் என்றே யோசிக்க முடியும். எனக்கும் விழுந்திருக்கிறது. நானும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஓசூரிலிருந்து சூளகிரி போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது கம்பெனி. லாரிகளுக்கான பிரேக் டிரம் கடைந்து அனுப்புவோம். நான் மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். அவர் கம்ப்ரஸர் ரூம் இன்சார்ஜ். வெளியில் இருப்பவர்களுக்கு இது ஏதோ மூலையில் கிடக்கிற வேலை மாதிரி தோன்றும். அப்படியில்லை. டிரம்மை மெஷின் இறுக்கிப் பிடிப்பது காற்றின் அழுத்தத்தால். கதவு திறப்பது, மூடுவது, இரும்புத் தூளை ஊதித் தள்ளுவது எல்லாமே காற்றுதான். அந்தக் காற்றை அழுத்திக் குழாயில் ஏற்றி ஷாப் முழுக்க அனுப்புகிற மூன்று கம்ப்ரஸர்களும் அவர் கையில் இருந்தன. அவை நின்றால் நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு இருந்தது, யாரும் அதைச் சொன்னதில்லை. "உஸ்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். மெஷின்கள் நிற்கிற சாப்பாட்டு நேரத்தில் ஷாப்புக்குள் வருவார். நடந்து வந்தவர் திடீரென்று நிற்பார். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து "உஸ்" என்பார். டிபன் பாக்ஸைத் திறந்தவன் மூடி கையோடு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கேயோ ஒரு குழாய் மூட்டில் காற்று கசிகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. தலையைச் சாய்த்தபடி நடந்து போய், ஒரு மெஷினுக்குப் பின்னால் குனிந்து கையை நீட்டுவார். கசிவு அங்கேயேதான் இருக்கும். முதலில் அதை அடைப்பார். அப்புறம் எழுந்து வந்து, அந்த மெஷினில் வேலை செய்கிறவனை ஒரு அறை அறைவார். இந்த வரிசை மட்டும் எந்தக் காலத்திலும் மாறியதில்லை.

அவருக்கு ஆகவே ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. "காத்துதானே." கம்பெனியில் எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தைதான் அது. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் ஓடிப்போய் மூடுகிற அதே ஆள், காற்று கசிந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். காற்று ஈரம் பண்ணாது, நாறாது, கண்ணுக்கும் தெரியாது. போனால் போகட்டும், காத்துதானே.

வாட்ச்மேன் ஒருவர் அதைச் சொல்லி மாட்டிக்கொண்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், முறுக்கு மீசை. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வால்வை மூடாமல் ஹோஸைத் தரையில் போட்டுவிட்டுப் போனார். இவர் போய்க் கேட்டார்.

"எவன்டா ஹோஸ தொறந்து உட்டது?"

"நான்தான். என்னாத்துக்கு இப்ப கத்தறீங்க? காத்துதானே சார் அது."

அடுத்த நொடி வாட்ச்மேன் ஷட்டரில் மோதிக் கிடந்தார். பட்டாளத்து உடம்பு சும்மா இருக்குமா? லத்தியை எடுத்து முழங்காலில் ஒன்று வைத்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து லாரி நிற்கிற மண்ணில் உருண்டார்கள். ஓடிப்போய்ப் பிரித்து விட்டோம். வாயில் இருந்த மண்ணைத் துப்பிக்கொண்டே இவர் கத்தினார்.

"காத்துன்னு எவன்டா சொன்னது? கரண்டுடா அது! கரண்ட புழிஞ்சு குழாயில ஊத்தி வெச்சிருக்கறன். நீ பாட்டுக்குத் தொறந்து உட்டுட்டுப் போற!"

கத்தியது தமிழில். அதற்குப் பின் வந்த வசவுகள் தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிந்தன. ஓசூர்க்காரர்களுக்கு அந்த வசதி உண்டு. ஒரு மொழியில் சரக்குத் தீர்ந்தால் அடுத்ததுக்குப் போய்விடலாம். நான் திண்டுக்கல்காரன், எனக்கு ஒரே ஒரு மொழிதான், அதிலேயே சமாளிக்க வேண்டியிருந்தது.

எனக்கும் அவருக்கும் சண்டை அழுத்தத்தைப் பற்றி. எங்கள் ஷாப்பில் அழுத்தத்தைக் 'கிலோ' என்போம். எனக்கு ஏழு கிலோ வேண்டும். ஆறு போதும் என்பார் அவர். அழுத்தத்தை ஏற்ற ஏற்றக் கரண்டும் ஏறும், கசிவிலே போவதும் ஏறும் என்பது அவர் கட்சி. பிடி நழுவினால் ஆள் உயிர் போகும் என்பது என் கட்சி. ஒரு நாள் என்னிடம் சொல்லாமல் குறைத்துவிட்டார். என் லைனில் கடைசி மெஷினில் சுழன்றுகொண்டிருந்த டிரம் பிடி விட்டுப் பறந்தது. கண்ணாடிக் கதவை உடைத்து, ஆபரேட்டரின் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, செங்கல்லை உள்ளே தள்ளிவிட்டு விழுந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் அவன் தலை இருந்திருக்காது. அவன் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

நான் நேராகக் கம்ப்ரஸர் ரூமுக்குப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினேன். அவர் என் தலைமுடியைப் பிடித்துக் கம்ப்ரஸரின் தகட்டில் மோதினார். உதடு கிழிந்தது. மூன்று கம்ப்ரஸரும் ஓடுகிற இரைச்சலில், ஒருவர் திட்டுவது ஒருவருக்குக் கேட்காமல், வெறுமனே வாயை அசைத்துக்கொண்டு நாங்கள் அடித்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவரைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அதற்கு அடுத்த வாரம், வீங்கிய மூக்கோடு என் லைனுக்கு ஒரு சின்ன டேங்க்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசி மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மெல்லிய ஹோஸைக் கழற்றி வீசிவிட்டுத் தடித்த குழாய் போட்டார். எங்கே எவன் காற்றை இழுத்தாலும் இனிமேல் இந்த டேங்க்கில் இருக்கிற காற்று டிரம்மை விடாது என்றார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. டேங்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இப்ப ஆறு கிலோ போதுமா, திண்டுக்கல்லு?" என்றார். போதுமானதாகத்தான் இருந்தது. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் குடியிருந்தது மத்திகிரியில், நான் இருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாவி வாங்குவதற்காகப் போனேன். கதவைத் திறந்த அம்மாள், அவர் மனைவி, என் முகத்தைப் பார்த்து, "பன்னி, பன்னி" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கம்பெனியில் நடந்த குத்துச் சண்டையை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறான் பார் என்று நினைத்து, "யார்ம்மா பன்னி?" என்று கேட்டேவிட்டேன். உள்ளே இருந்து அவர் வயிறு குலுங்கச் சிரிப்பது கேட்டது. அம்மாள் ஆனேக்கல்காரர். கன்னடத்தில் 'வாருங்கள்' என்றிருக்கிறார். சிரித்து நான் பார்த்ததே இல்லை அவரை. நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது.

காபி கொடுத்துக்கொண்டே அந்த அம்மாளிடம் நானே கேட்டேன், வீட்டிலும் இப்படித்தானா என்று.

"ஒரே ஒரு தடவ கை ஓங்குனாருங்க. குக்கர்ல ரப்பர் போயி ஆவி வந்துட்டே இருந்துச்சு. அதுக்கோசரம். நானு தோசைக் கரண்டிய அடுப்புல காய வெச்சு முழங்கையில ஒண்ணு வெச்சன். அப்புறம் இந்தூட்ல கையி எந்திரிக்கல."

உஸ் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அரை நிலா மாதிரி ஒரு தழும்பு. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. அடிக்கிறவனுக்கு அடிதான் பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

பிறகு மின்வெட்டு வந்தது. ஓசூரில் அந்த வருஷங்களில் தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியும், எப்போது வரும் என்றுதான் தெரியாது. எங்கள் ஜெனரேட்டர் மெஷின்களையும் இரண்டு கம்ப்ரஸர்களையும் இழுக்கும். மூன்றாவது கம்ப்ரஸர் எழுந்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும். முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"ரெண்டு கம்ப்ரஸர்ல ஓட்ட முடிஞ்சா ஓட்டுங்க. முடியலன்னா ஆயுத பூஜையோட நைட் ஷிஃப்ட மூடிடறேன். எனக்கு வேற வழி தெரியல."

நைட் ஷிஃப்டை மூடினால் ஒரு ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமாக வெளியே போக வேண்டும். யார் போவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கான்ட்ராக்ட் பையன்கள்தான். சூளகிரி, குருபரப்பள்ளிப் பக்கத்து ஊர்களில் இருந்து வருகிறவர்கள். தக்காளி விலை போகாமல் நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் அதில் பாதிப் பேர். அவர்களில் ஒருவன்தான் முனிராஜ். என் லைனில் டிரம் தூக்கி வைக்கிற வேலை. கட்டுமஸ்தான ஆள், அதிர்ந்து பேச மாட்டான். அப்போதுதான் சூளகிரியில் வாடகைக்கு வீடு பிடித்து மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தான். "நைட் ஷிஃப்ட் இருக்குமாணா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

"ரெண்டுல ஓட்டறன்" என்று முதலாளியிடம் எழுந்து நின்று சொன்னவர் உஸ்தான்.

அன்றிலிருந்து ஷாப்பில் போர் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் ரூமுக்குள் சூடான காற்றை இழுத்தால் அதை அழுத்தக் கரண்ட் அதிகம் பிடிக்கும் என்று, யாரையும் கேட்காமல் கடப்பாரையால் வடக்குச் சுவரை இடித்தார். வெளியே இருக்கிற குளிர்ந்த காற்று வரட்டுமாம். பழைய ஷெட்டுக்குப் போய் ஒன்றுமில்லாமல் முடிகிற குழாயை ரம்பத்தால் அறுத்து எறிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாப்பில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, வாளியில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகக் குழாய் குழாயாக ஊர்ந்தார். நுரை பொங்கின இடத்திலெல்லாம் சிவப்புத் துணியைக் கட்டினார். திங்கட்கிழமை நாங்கள் வந்து பார்த்தால் ஷாப் முழுக்கச் சிவப்பு. இவ்வளவு ஓட்டையா என்று எனக்கே திக்கென்றது.

அதுவரை எல்லோரும் முணுமுணுத்ததோடு சரி. அவர் காற்றுக் குளியலில் கை வைத்தபோதுதான் ரத்தம் வந்தது.

வார்ப்பிரும்பு கடைகிற இடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தூள் மை மாதிரி கறுப்பு. மயிர்க்கால், காலர், காது மடல் எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் பட்டால் துருவாகிச் சட்டையில் கறை விழும். அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு ஏர் கன்னைப் பிடித்துத் தலையிலிருந்து கால் வரை ஊதிக்கொள்வார்கள். ஒருவன் முதுகை இன்னொருவன் ஊதுவான். அரட்டை, கேலி, சிரிப்பு என்று அந்த நாளிலேயே சந்தோஷமான கொஞ்ச நேரம் அது. எல்லாக் கன்களும் ஒரே நேரத்தில் ஊதும்போது அழுத்தம் தொப்பென்று விழும். மூன்றாவது கம்ப்ரஸர் எழுந்துகொள்ளும்.

அவர் ஒரு நாள் கத்தியோடு வந்து லைன் லைனாக ஏர் கன் ஹோஸ்களை அறுத்தார். ஆளுக்கொரு பிரஷ்ஷை விட்டெறிந்தார். "இத்த வெச்சுத் தட்டிக்கோ."

மறுநாள் அவர் பைக்கின் இரண்டு டயரும் கிழிந்து கிடந்தன. அதற்கும் மறுநாள், அவர் ஷாப்புக்குள் வருகிற நேரம் பார்த்து எவனோ மெயின் லைனிலிருந்து தடித்த ஹோஸை உருவிவிட்டான். அழுத்தத்தோடு உருவிய ஹோஸ் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடிபட்ட பாம்பு மாதிரி அது தரையிலிருந்து எழும்பி நாலா பக்கமும் விளாசியது. நுனியில் இருந்த பித்தளை மூட்டு அவர் நெற்றியில் விழுந்தது. எல்லோரும் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டோம். அவர் குனியவில்லை. கண்ணில் ரத்தம் இறங்க, அந்த விளாசலுக்குள்ளேயே நடந்தார். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது இடுப்பில். போய் வால்வைத் திருகி மூடினார். ஹோஸ் செத்து விழுந்ததும் திரும்பி, கண்ணுக்குத் தெரிந்த முதல் மூன்று பேரை அறைந்தார். அதில் ஒருவனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் ஸ்டோரிலிருந்து கையுறை கொடுக்க வந்தவன்.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, இன்னும் இரண்டு விழுந்திருக்கலாம் என்றும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சோதனை. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரில், இரண்டே கம்ப்ரஸரில் ஷாப் முழுக்க ஓட வேண்டும். முதலாளியே கம்ப்ரஸர் ரூமில் வந்து நின்றார். அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மூன்றாவது தானாக எழும், ஜெனரேட்டர் உட்கார்ந்துவிடும், நைட் ஷிஃப்ட் கதை அதோடு முடிந்தது. காலையிலிருந்து அழுத்தம் காட்டும் முள் ஆறு கிலோவில் அசையாமல் நின்றது. மதியம் வரை நின்றது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முதல் ஷிஃப்ட் முடிந்து மணி அடித்தது. முள் இறங்க ஆரம்பித்தது.

அவர் முதலாளியைப் பார்த்தார். மூன்றாவது கம்ப்ரஸரைப் பார்த்தார். ஓட ஆரம்பித்தார். நானும் பின்னால் ஓடினேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம், மெஷின்கள் நின்றிருந்த ஷாப்புக்குள் எங்கும் காற்று கசிகிற சத்தமில்லை. பின்பக்கம் கை கழுவுகிற இடத்துக்கு வந்ததும் எனக்கே கேட்டது. யாரோ சுவரோரம் போகிற குழாயில் வால்வைத் திறந்து வெறும் ஹோஸ்களை மாட்டியிருந்தார்கள். கன் கூட இல்லை, அப்படியே திறந்து விட்ட ஹோஸ். நான்கைந்து பேர் சட்டையைக் கழற்றிவிட்டு ஊதிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் மற்றவர்கள் போட்டுவிட்டு ஓடினார்கள். முனிராஜ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஊதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. இவர் வால்வை மூடினார். காற்று நின்றதும் முனிராஜ் கண்ணைத் திறந்தான்.

"இன்னும் கொஞ்சம்தான். காத்துதானே சார்..."

முழு வாக்கியத்தையும் அவர் சொல்ல விடவில்லை. உள்ளங்கை முழுதும் காதோடு சேர்த்து விழுந்தது. நான் எத்தனையோ அறைகளைக் கேட்டிருக்கிறேன். இந்தச் சத்தம் வேறு. முனிராஜ் விழவில்லை, மெதுவாக உட்கார்ந்தான். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்து, "என்னா சொன்னீங்க?" என்றான். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. விரலிடுக்கில் ரத்தம் ஒரு கோடாக வந்தது.

உள்ளே முள் ஏறிவிட்டது. மூன்றாவது கம்ப்ரஸர் எழவில்லை. நைட் ஷிஃப்ட் தப்பித்தது. முதலாளி கை தட்டினார் என்று பிறகு சொன்னார்கள்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, தானாக மூடினாலும் மூடும், இல்லையென்றால் ஆபரேஷன் என்றார் ஓசூர் டாக்டர். இரண்டு நாள் கழித்துப் பர்சனல் மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே முனிராஜின் அண்ணனும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. போலீஸ் வராமல், வேலை நிற்காமல் இதை முடித்துவிட வேண்டும் அவருக்கு. உஸ் ஜன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"முனிராஜ், வழுக்கித் தவறி விழுந்துட்டேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுப்பா. வைத்தியச் செலவு கம்பெனியோடது. உன் வேலையும் நிக்கும்."

"நான் உழலீங்களே சார்."

"தெரியும்பா. எதுக்கு அன்னைக்கு அங்க போய் ஊதின? கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"ஊட்டுக்குப் போனதும் கொழந்த தாவுது சார். தூக்குனா அந்தத் தூளு பட்டு அதும் மூஞ்செல்லாம் செவந்து போவுது. பிரஷ்ஷுல போவல சார் அது. அதுக்கோசரம்தான்."

மேனேஜர் மேஜை மேலிருந்த பேப்பர்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு, "சரி, காது இப்ப கேக்குதில்ல?" என்றார்.

"மந்தமாக் கேக்குது சார். மூக்கப் புடிச்சு சிந்துனா காத்து காது வழியா வருது."

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினான். ஏ.சி. அறை, சத்தமே இல்லை. அவன் காதிலிருந்து மெல்லிய ஒரு சீற்றம் வந்தது. எனக்குக் கேட்டது என்றால் அவருக்குக் கேட்காமல் இருக்குமா? ஜன்னலிலிருந்து திரும்பினார். விரல் தன்பாட்டுக்கு உதட்டுக்குப் போனது. தலையைச் சாய்த்தபடி நடந்து வந்து முனிராஜின் பக்கத்தில் குனிந்தார்.

"இன்னொரு தடவ ஊது."

முனிராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊதினான். அவர் கை சட்டைப் பைக்குள் போனது. குழாய் மூட்டில் சுற்றுகிற வெள்ளை டேப் எப்போதும் அதில் இருக்கும். டேப்பைத் தொட்டுவிட்டு வெறும் கையாகத் திரும்பி வந்தது. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மேனேஜர் சமாதானமாகத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"விடுப்பா. சின்ன வயசு, ஆறிடும். ஒரு காதுதானே."

அறை விழுந்தது. மேனேஜரின் சக்கர நாற்காலி பின்னால் உருண்டு போய் அலமாரியில் மோதியது. கண்ணாடி எங்கேயோ பறந்தது. மேனேஜர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினார். இவர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

முனிராஜ் எழுந்தான்.

"அவர அடிச்சிட்டீங்க. அவரு வாங்குனா என் காது மூடிக்குமா சார்?"

உஸ் அவன் காதையே பார்த்தார். டிரம் தூக்குகிற கையால் முனிராஜ் அவர் கன்னத்தில் அறைந்தான். தடுமாறி மேஜையைப் பிடித்துக்கொண்டார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. நிமிர்ந்தார்.

"காதுல உழல. காதுல அடிடா."

முனிராஜ் யோசிக்கவே இல்லை. இரண்டாவது அறை காதில் விழுந்தது. அவர் ஒரு முழங்காலில் உட்கார்ந்தார். நான் நகரவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சத்தம் கேட்டு முதலாளி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். உடைந்த கண்ணாடி, கன்னம் சிவந்த மேனேஜர், வாயில் ரத்தத்தோடு தரையில் ஒரு ஆள், அவருக்கு முன்னால் கையை இன்னும் இறக்காத முனிராஜ். முதலாளியின் முகம் கறுத்தது.

"யாருய்யா இவர அடிச்சது?"

மேனேஜர் முனிராஜைக் கை காட்டப் போனார். அதற்குள் தரையிலிருந்து குரல் வந்தது.

"யாரும் அடிக்கல சார். வழுக்கித் தவறி உழுந்துட்டன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "ஆமா சார், விழுந்துட்டார்" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், முனிராஜின் காதைப் பார்த்தார், கையை இறக்கிக்கொண்டார். மேனேஜரை அறைந்ததற்காக அன்றைக்குச் சாயங்காலமே உஸ்ஸை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். முனிராஜ் அடுத்த வாரம் காதில் பஞ்சோடு நைட் ஷிஃப்டுக்கு வந்தான்.